ஒரு மாரி போகட்டும்

பெயர்பெற்ற கோல்ஃப் மைதானம் ஒன்றைத் திறந்து நாலைந்து வருஷத்துக்குள் மாற்றிக் கட்டினால், முதலில் கீறியவருக்குத் தொழில் தெரியாது என்று பேசுவார்கள். கொழும்பில் வடிகால் வேலை பார்க்கும் எனக்கு அது ஒப்பவில்லை.

அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல், அலிஸ்டர் மெக்கென்சியும் பாபி ஜோன்ஸும் வடிவமைத்தது. 1933இல் திறந்தார்கள். 1934இல் முதல் போட்டி முடிந்த கையோடு முன் ஒன்பது குழிகளும் பின் ஒன்பதும் இடம் மாறின. அதுவரை முன் ஒன்பதில் இருந்த தாழ்வான மூலையில் உறைபனி காலையில் லேசில் விலகாது என்பதே சொல்லப்படும் காரணம். 1937இல் பெரி மேக்ஸ்வெல் என்ற வடிவமைப்பாளர் பத்தாவது கிரீனை, அதாவது குழியைச் சுற்றிய வழுவழுப்பான புல்தரையை, தண்ணீர் வடியாத பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றினார். பழைய கிரீனுக்குக் காவலாக மெக்கென்சி வெட்டிய பெரிய மணற்குழி மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. இன்று கிரீனுக்கு வெகு முன்னால், காவலுக்கு எதுவுமில்லாமல் கிடக்கிறது. எனக்கு அந்த மைதானத்திலேயே பிடித்த இடம் அதுதான்.

சமவுயரக் கோடுகளைப் பார்த்து நீர் ஓடும் திசையைக் கணிக்கலாம். புதிதாகக் கொட்டிய மண் எங்கே இறங்கும், ரோலர் ஓடிய இடம் எவ்வளவு இறுகும் என்பதெல்லாம் கோட்டில் வராது. எங்கள் வேலைத்தளத்து ஓவசியர் ஐயா வரைபடத்தைச் சுருட்டித் தந்துவிட்டுச் சொல்வார்: “தம்பி, ஒரு மாரி போகட்டும். பிறகு மிச்சத்தைக் கீறுங்கோ.”

நிலம் மட்டும் காரணமில்லை. 1899இல் ஹாஸ்கெல் பந்துக்குக் காப்புரிமை கிடைத்தது. உள்ளே இறப்பர் நூல் சுற்றிய அந்தப் பந்து பழையதைவிடத் தூரம் போனதால், சரியாகவே கட்டிய மைதானங்கள் கட்டையாகிவிட்டன.

ஆனால் யார் மாற்றுகிறார் என்பதுதான் என் கேள்வி. மெக்கென்சி 1934 ஜனவரியில், முதல் போட்டிக்கு முன்பே இறந்துபோனார். புல் மூடிய அகஸ்டாவை அவர் பார்க்கவேயில்லை. அமெரிக்காவிலேயே பைன்ஹர்ஸ்ட் என்ற ஊரின் இரண்டாம் இலக்க மைதானத்தை வடிவமைத்து 1907இல் முடித்த டொனால்ட் ராஸோ அதன் பக்கத்திலேயே குடியிருந்தார். 1930களின் நடுவில் மணல் கிரீன்களைப் புல்லாக்கியதும் அவரே. 1948இல் இறக்கும்வரை அதைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

எங்கள் ஒப்பந்தங்களில் வடிவமைப்பாளரின் வேலை திறப்புவிழாவோடு முடிந்துவிடும். ஒக்டோபர் மழையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது வேறு யாரோ. ஆகவே விலைக்கோரலில் இப்போது ஒரு வரி சேர்க்கிறேன்: முதல் மாரிக்குப் பிந்திய பரிசோதனையும் திருத்தமும், தனிக் கட்டணத்துடன். பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவதும் அந்த வரிதான்.