அந்த ஜன்னலைத் திறந்திருக்கலாம்

"அண்ணா, இதற்கு ஒரு ஜன்னல் போட்டுப் பார்க்கலாமா?"

அவன் கேட்டது இவ்வளவுதான். நான் தலையைத் தூக்காமலேயே, "வேண்டாம் தம்பி, இது கருவிக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லை எடுத்தேன். இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. நினைத்துப் பார்க்கும்போது, தலையைத் தூக்கவில்லை என்பதுதான் முதலில் வருகிறது. கல் அதற்குப் பிறகுதான்.

அது பட்டை தீட்டாத வைரக் கல். 4 காரட்டுக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஒரு கிராம்கூட இல்லை. எண்முக வடிவம், மழுங்கிய விளிம்புகள், சாம்பலும் பச்சையும் கலந்த தோல். இத்தகைய கற்களில் வைரத்தின் மேலேயே இன்னொரு வைரப் படலம் நார்நாராக வளர்ந்து, நுண்ணிய துணுக்குகளை அடைத்துக்கொண்டு ஒளியை மறித்துவிடும். உள்ளே தெளிந்த கல்லும் இருக்கலாம், மையம்வரை கலங்கலாகவும் இருக்கலாம். லென்ஸுக்குத் தோல் மட்டுமே தெரியும். ஒரு பக்கத்தைச் சாணையில் பிடித்துச் சிறிய பட்டை ஒன்றைத் தீட்டினால் உள்ளே பார்க்கலாம். அதுதான் ஜன்னல். தெளிவாக இருந்தால் நகைக்கு, கலங்கலாக இருந்தால் அறுக்கவும் தேய்க்கவும் பயன்படும் கருவிகளுக்கு.

அன்று என் பக்கம் நியாயம் இருந்தது. வைரம் எல்லாத் திசையிலும் ஒரே கடினம் கொண்டதல்ல. எண்முகத்தின் இயல்பான முகத்தை அப்படியே வைத்தால் சாணை ஏறவே ஏறாது. சில பாகை சாய்த்து, கல் இணங்கும் திசையைத் தேட வேண்டும். விளிம்பு கூர்மையாக உள்ள கல்லில் அந்தத் திசை கண்ணுக்கே தெரிந்துவிடும். தோல் போர்த்து மழுங்கிய கல்லில் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. தவறான திசையில் பிடித்தால் கல் தேயாது, சாணையின் வார்ப்பிரும்புத் தட்டில்தான் கீறல் விழும். மாலைக்குள் பிரித்து முடிக்க வேண்டிய கற்களில் பாதிக்குமேல் மீதமிருந்தன. அதே பொட்டலத்தில் அதே தோலுடன் வந்த மூன்று கற்களை முந்தைய வாரம்தான் திறந்து பார்த்திருந்தோம். மூன்றும் உள்ளே கறுப்பு.

இதைச் சொல்லிக்கொள்ளும்போதே இதிலுள்ள ஓட்டையும் தெரிகிறது. மூன்று கற்கள் நான்காவதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஒவ்வொரு கல்லையும் புதிதாகப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

கருவிக்குப் போவதைத் தண்டனைபோலப் பேசுவது எனக்குப் பிடிக்காது. மோதிரத்தில் பதித்த வட்டக் கல்லின் 57 பட்டைகளும் எண்ணெயில் குழைத்த வைரத்தூளால் தீட்டியவை. தூளில் துகள்கள் எல்லாத் திசையிலும் திரும்பிக் கிடக்கும். கடினமான திசையைக் காட்டிக் கிடப்பவை, கல்லை அதன் இணக்கமான திசையில் தேய்த்துவிடுகின்றன. வைரம் வைரத்தை அறுப்பது அப்படித்தான். முழுக்கல்லை ஒரு பிடியில் பதித்தால், பட்டறையில் கோணலாகத் தேய்ந்துபோன சாணைக்கல்லை அது நேராக்கும். முனை மழுங்கினால் கழற்றி, வேறு முனையைத் திருப்பிப் பதித்து மறுபடி உழைக்க வைக்கலாம். மயிரிழை போன்ற உலோகக் கம்பியை இழுக்கும் அச்சிலும் துளையிட்ட வைரம் இருக்கிறது. விரலில் மின்னுவதைவிட இவை தாழ்ந்த வேலைகளா? இல்லை என்றே இன்றும் சொல்வேன்.

பிறகு ஏன் உறுத்துகிறது? 1954இல் உயர் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைரம் செய்யக் கற்றுக்கொண்ட பிறகு, அறுக்கும் சக்கரங்களுக்கும் தூளுக்கும் வேண்டிய வைரம் பெரும்பாலும் தொழிற்சாலைகளிலேயே உருவாகிறது. எனவே, கருவிக்கு அந்தக் கல் தேவைப்பட்டது என்று சொல்லி என்னால் தப்பிக்க முடியவில்லை. அது இல்லாமலும் அந்த வேலை நடந்திருக்கும்.

என் கணக்கில் கல் உடைந்த நாட்களும் உண்டு. பிளக்கும் தளத்தைத் தவறாகக் குறித்து, ஒரு நல்ல கல்லை மூன்று துண்டாக்கியிருக்கிறேன். அன்று இரவு தூங்கவில்லை. ஆனால் துண்டுகள் கையில் இருந்தன. எங்கே பிழைத்தேன் என்று பார்த்தேன், திட்டு வாங்கினேன், முடிந்தது. இந்தக் கல்லில் அப்படி எதுவுமில்லை. நான் சொன்னது சரியாகவே இருந்திருக்கலாம். குவியலோடு போய்விட்டது.

சில நாட்களில் கல்லை விட்டுவிட்டு அவனைப் பற்றி யோசிக்கிறேன். முந்தைய மூன்றையும் நான் சொல்லித்தான் அவன் திறந்தான். இந்த ஒன்றைத்தான் தானாகக் கேட்டான். ஏதாவது ஒரு முனையில் தோல் பெயர்ந்து, உள்ளிருந்து ஒளி வந்ததா? "ஏன் கேட்கிறாய்?" என்று நான் கேட்டிருந்தால் போதும். பத்து விநாடி. அதற்கு நேரமில்லை என்று சொல்லும் துணிவு எனக்கில்லை.

இப்போதும் கேட்கலாம். பக்கத்து இருக்கையில்தான் இருக்கிறான். "சும்மாதான் கேட்டேன் அண்ணா" என்று சொல்வான். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று கண்டுபிடிக்க முடியாது. அந்த நாளுக்குப் பிறகு அவன் எந்தக் கல்லுக்கும் ஜன்னல் கேட்டதில்லை. வேலையில் குறை சொல்ல எதுவுமில்லை. என்னைவிடச் சுத்தமாகப் பட்டை தீட்டுகிறான்.

போன வாரம் அதே மாதிரித் தோலுடன் ஒரு கல் வந்தது. வெகுநேரம் கையில் வைத்திருந்தேன், அவன் கேட்பான் என்று. கேட்கவில்லை. "தம்பி, இதற்கு ஜன்னல் போடு" என்று நானே கொடுத்தேன். திசை பிடிபடாமல் அரை நாள் போனது. உள்ளே கறுப்பு. கல்லைத் துடைத்து என் முன்னால் வைத்துவிட்டு, "கருவிக்கு எழுதிக்கொள்ளட்டுமா அண்ணா?" என்று கேட்டான்.