அம்மா எழுதித் தந்த வீட்டை வித்தா டாக்ஸ் வருமா? எங்கட அனுபவம்

இலங்கைல, கொழும்புக்குப் பக்கத்தில தெகிவளைல 6 பேர்ச் காணியோட இருந்த வீடு, அம்மா 2011லயே என்ர பேருக்கு நன்கொடை உறுதி (சும்மா குடுக்கிற பத்திரம்) முடிச்சுத் தந்தவ. 2025 கடைசிலதான் வித்தனாங்கள். கேட்ட ஆக்கள் எல்லாரும் சொன்னது ஒண்டுதான், "தாய் சும்மா குடுத்த வீடு தானே தம்பி, அதுக்கு என்ன டாக்ஸ்". அப்பிடி இல்லை. சும்மா வந்தாலும் விக்கேக்க வாற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இருக்கு, ஆக்கள் சிஜிடி எண்டு சொல்றது அதைத்தான். 2018 ஏப்ரல்ல இருந்து 10 வீதமா இருந்தது, 2025 ஏப்ரல் 1க்குப் பிறகு தனியாளுக்கு 15.

சொந்தமா குடியிருந்த வீட்டுக்கு விலக்கு இருக்கு. ஆனா விக்க முதல் 3 வருஷம் தொடர்ந்து உங்கட பேரில இருக்கோணும், அதில 2 வருஷமாவது நீங்கள் அங்க இருந்திருக்கோணும். அம்மாதானே இருந்தவ எண்டு கேட்டுப் பார்த்தன், சரிவரேல்ல, நான் கொட்டாஞ்சேனைல எல்லோ இருக்கிறன்.

இனி லாபத்தை எப்பிடிக் கணக்குப் பாக்கிறது எண்டதுதான் முக்கியமான விஷயம். 2017 செப்டம்பர் 30 அண்டு கையில இருந்த சொத்துக்கு அண்டைய சந்தை விலையைத்தான் அடக்க விலையா எடுப்பினம், அம்மா எவ்வளவுக்கு வாங்கினவ எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. அதுக்குச் சொத்துக்கு விலை மதிக்கிற ஒரு வேலுவர் வந்து அந்தத் திகதிக்கு ரிப்போர்ட் எழுதித் தரோணும். வந்த மனுசன் டேப்பை நீட்ட முதலே கூரையைப் பார்த்துட்டு "இது எப்ப மாத்தினது" எண்டார். 2019 எண்டன். அப்ப அது 2017 விலைக்குள்ள வராது, பிறகு செய்த செலவா தனியாக் காட்டுங்கோ, பில் இருக்கோ எண்டார். அம்மா மாரி பிஸ்கட் டின்னுக்குள்ள எல்லாத்தையும் போட்டு வச்சிருந்தவ, ஆனா மெஷின்ல அடிச்ச பில் எல்லாம் வெள்ளைப் பேப்பராப் போட்டுது, ஹார்ட்வெயார் கடைக்காரன் கார்பன் வச்சுக் கையால எழுதின பில்தான் தப்பினது. அதில 12 லட்சம் காட்ட முடிஞ்சுது.

கணக்கு இதுதான்: வித்தது 3 கோடி 60 லட்சம், 2017 விலை 2 கோடி 20 லட்சம், கூரை 12, லோயர் புரோக்கர் எல்லாம் சேர்த்து 8. மிச்சம் 1 கோடி 20 லட்சத்துக்கு 15 வீதம், 18 லட்சம். 2025 மார்ச் முடிய முதல் வித்திருந்தா பழைய 10 வீதத்தில 12 லட்சம்தான். வயிறு எரியுது, என்ன செய்யிறது.

இன்னொண்டு, அம்மா நன்கொடை உறுதியில தனக்குச் சீவிய உரித்து, அதாவது சாகுமட்டும் வீட்டை அனுபவிக்கிற உரிமை, வச்சிருந்தவ. அதால வாங்கிறவரின்ர லோயர் அம்மாவும் வந்து கையெழுத்து வச்சாத்தான் எண்டுட்டார். முழங்கால் நோவோட நொத்தாரிசு ஒபிசுக்கு ரெண்டு மாடி ஏறினவ, லிஃப்ட் வேலை செய்யேல்ல.

விக்கிற உறுதி முடிஞ்சு ஒரு மாசத்துக்குள்ள இறைவரித் திணைக்களத்துக்கு ரிட்டர்ன் போட்டுக் காசும் கட்டோணும். வருஷக் கடைசி ரிட்டர்னோட பாப்பம் எண்டு விட ஏலாது. அதால வேலுவேஷனை விலை பேசேக்கயே எடுத்து வையுங்கோ, அப்பத்தான் கையில என்ன மிஞ்சும் எண்டு தெரிஞ்சு விலை சொல்லலாம். முத்திரைத் தீர்வை வாங்கிறவர் கட்டினவர், முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4.