ராமானுஜன் அட்டவணையில் விடுபட்ட எண்

மூன்று வாரமாக ஒரே எண்ணோடு உட்கார்ந்திருக்கிறேன்: 293318625600. வாய்விட்டுச் சொன்னால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி ராமானுஜன் 1915-இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். 12 அந்த வகை; அதற்கு 6 காரணிகள், அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. அவர் கொடுத்த அட்டவணையில் இந்த 293318625600 விடுபட்டுவிட்டது. நான் இருப்பது திருவல்லிக்கேணி, அவர் நடந்த தெருக்கள். அந்த எண் அட்டவணைக்கு உரியதுதானா என்று நானே போட்டுப் பார்க்க ஆசை.

முதல் வாரம் முழுக்கப் பெருக்கல். பகா எண்களாகப் பிரித்தால் இதில் 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. ஆறு 2-களின் பெருக்கல் 64, நாலு 3-களின் பெருக்கல் 81; 64 × 81 = 5184. அதை 25-ஆல் பெருக்கினால் 129600, 49-ஆல் பெருக்கினால் 6350400. அப்புறம் 11, 13, 17, 19. கடைசியில் விடை உதைத்தது. அறையில் கூட இருக்கும் தம்பி நோட்டை எட்டிப் பார்த்து, "அண்ணா, 13 கிட்ட ஒரு சைபர் விட்டுட்டீங்க" என்றான். அவன் சொன்னது சரி. திருத்தியதும் எண் அப்படியே வந்து நின்றது.

காரணிகளை எண்ணுவது சுலபம். இதில் 2 ஆறு தடவை இருக்கிறது. ஒரு காரணி அதில் எதையும் எடுக்காமல் விடலாம், ஆறையும் எடுக்கலாம், ஆக 7 வழி. இப்படியே 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. அந்த 5040-உம் இதே வகை எண் என்பதைக் கவனித்தபோது சந்தோஷமாக இருந்தது.

கஷ்டம் அடுத்ததுதான்: இதற்குக் கீழே உள்ள எதற்கும் 5040 காரணிகள் இல்லை என்று காட்ட வேண்டும். கோடிக்கணக்கான எண்களைப் பார்க்கத் தேவையில்லை. 18-க்கும் 12-க்கும் காரணிகள் ஆறுதான். 18-இல் 3 இரண்டு தடவை, அதைச் சின்ன எண்ணான 2-க்கு மாற்றிக் கொடுத்தால் 12. எனவே பகா எண் பெரிதாகப் பெரிதாக அடுக்கு ஏறாத எண்களை மட்டும் பார்த்தால் போதும். பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதினேன். முதலில் 23-உடன் நிறுத்தியது தப்பு. 2 முதல் 31 வரையுள்ள பகா எண்களின் பெருக்கலே 200560490130, அதுவும் எல்லைக்குள் வருகிறது. சேர்த்து ஓட்டியதில் அதிகபட்சம் 4800, அது 240940299600-க்கு.

இந்த 240940299600-இலும், அடுத்து வரும் 321253732800-இலும் 23 இருக்கிறது. நடுவில் உள்ள நம் எண் 19-உடன் நின்று, 7-ஐ இரண்டு தடவை வைத்திருக்கிறது.

நேற்று ராத்திரி சும்மா அதை 23-ஆல் பெருக்கினேன். 6746328388800. ராமானுஜன் அட்டவணையின் கடைசி எண்.