டாலருக்குக் கொசுறு உண்டா?

2024 மே மாதம் அம்மாவும் நானும் சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினோம். விசா, டிக்கெட் எல்லாம் கையில். டாலர் மட்டும் வாங்கவில்லை. ஏர்போர்ட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்றேன்.

"சமயபுரத்துல கோயில் வாசல்ல தேங்காய் என்ன வெலை, காந்தி மார்க்கெட்ல என்ன வெலை?" என்றாள் அம்மா.

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? மறுநாள் காலை மஞ்சப்பையில் பணத்தோடு சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு பக்கம் இறங்கினோம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பியே பழகிய ஊர் திருச்சி. அந்த வட்டாரத்தில் டீக்கடைக்குப் போட்டியாகப் பணம் மாற்றும் கடைகள் இருக்கின்றன.

முதல் கடைப் பலகையில் சிங்கப்பூர் டாலர் 60.20 என்று பார்த்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கூகுளிலேயே 62-ஐ ஒட்டித்தான் இருந்தது. "எழுநூறு குடுங்க" என்றேன். அந்த அண்ணன் பொறுமையாகப் பக்கத்து வரிசையைக் காட்டினார். 64.50. 'பை' என்றால் அவர் நம்மிடம் வாங்கும் விலையாம், 'செல்' என்றால் நமக்கு விற்கும் விலையாம். நான் எம்.காம். படித்தவன் என்பதை அந்தக் கடையில் யாரிடமும் சொல்லவில்லை.

கூகுளைக் காட்டி வாதாடிப் பார்த்தேன். "அந்த ரேட்டுக்கு கூகுள்ட்டயே வாங்கிக்கங்க சார்" என்றார். நியாயம்தான். கூகுள் காட்டுவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் நிற்கிற கணக்கு. கடைக்காரர் நோட்டாக வரவழைத்து, பூட்டி வைத்து, கடை வாடகையும் கொடுத்து விற்கிறார்.

இரண்டாவது கடையில் 63.80. மூன்றாவதில் 63.40. இங்கேதான் அம்மா களத்தில் இறங்கினாள்.

"அறுபதுக்குப் போட்டுக் குடு தம்பி."

எனக்கு மானம் போனது. கத்திரிக்காயா இது? ஆனால் அந்தத் தம்பி கோபப்படவில்லை, கால்குலேட்டரைத் தட்டினார். "பத்து பைசா கொறைக்கலாம்மா." அம்மா பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். நாலு அடிக்குள் கூப்பிடவில்லை என்றால் நிஜமாகவே கட்டாது என்பது காந்தி மார்க்கெட் சட்டம். ஐந்தாவது அடியில் கூப்பிட்டார். 63 ரூபாய்!

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அந்தப் பலகை விலை பேச்சின் ஆரம்பம்தான். பேசத் தெரியாதவனுக்குத்தான் அது கடைசி விலை.

பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் கார்டு எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டார். 50,000 ரூபாய்க்குக் கீழே என்பதால் ரொக்கமாகவே வாங்கிக்கொண்டார். அதைத் தாண்டினால் பேங்க் வழியாகத்தான் கட்ட வேண்டுமாம். எழுநூறு டாலருக்கு 44,100. பில்லில் அதற்குக் கீழே இன்னொரு 79 ரூபாய் இருந்தது.

"இது என்ன?"

"ஜிஎஸ்டிம்மா. மொத்தத்துல ஒரு சதவீதம் எடுத்து, அந்த 441 ரூபாய்க்கு 18 சதவீதம்."

"காசு குடுத்துக் காசு வாங்குறதுக்கும் வரியா?" என்று அம்மா என்னைப் பார்த்தாள், சட்டத்தை நான்தான் போட்டது போல. பிறகு அவரிடம் திரும்பி, "அப்ப கொசுறு என்ன தர்ற?" என்றாள். அவர் சிரித்துவிட்டு, கடை பெயர் போட்ட பாஸ்போர்ட் உறை இரண்டு எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் நோட்டுகளைப் பரப்பி வைத்துத் தடவிப் பார்த்தாள். பத்து டாலர் பிளாஸ்டிக் மாதிரி வழுவழுவென்று இருந்தது. "சிங்கப்பூர்"னு தமிழில் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டு, "நல்ல நோட்டுதான்" என்று சான்றிதழ் கொடுத்தாள்.

சிங்கப்பூர் போன மூன்றாம் நாள், தேக்கா மார்க்கெட்டில் காய் வாங்கிவிட்டுச் சிராங்கூன் சாலையில் நடந்தோம். வழியில் ஒரு மணி சேஞ்சர் கடை. ஆயிரம் ரூபாய்க்கு 16 வெள்ளி என்று போட்டிருந்தது. (அங்கே நம் ஆட்களுக்கு டாலர் என்றால் வெள்ளிதான்.) நான் மனக்கணக்குப் போட்டேன். 62 ரூபாய் 50 பைசா. பேரம் பேசாமல், வரிசையில்கூட நிற்காமல்! இந்திய ரூபாயை 25,000 வரை கையில் கொண்டுவரலாம் என்பதும் எனக்குத் தெரியும். இங்கே வந்து மாற்றிப் பார்க்கலாம் என்பதுதான் தோன்றவில்லை.

அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு கடை தாண்டும் வரை யோசித்தேன். சொன்னேன்.

"இங்க பேசுனா இன்னும் கொறைப்பானா?" என்றாள்.

ஊர் திரும்பியதும் மீதி 86 டாலரோடு அதே திருச்சிக் கடைக்குப் போனோம். இந்தமுறை பலகையில் சரியான வரிசையைத்தான் பார்த்தேன். 59.50.

"63-னு வித்தியே தம்பி, பதினஞ்சு நாள்ல புளிச்சுப்போச்சா?"

பேசிப் பேசி 60-க்கு ஏற்றினாள். கடைசியாகச் சுருக்குப்பையைக் கவிழ்த்துச் சில்லறையைக் கொட்டினாள். நாலு டாலர் 60 காசு. தம்பி கையெடுத்துக் கும்பிட்டார். "நாணயம் எடுக்குறதில்லம்மா. நோட்டு மட்டும்தான்."

அம்மா கொஞ்ச நேரம் அந்தக் குவியலையே பார்த்தாள். அதிலிருந்து ஒரு 20 காசை மட்டும் விரலால் தள்ளி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அன்னிக்கு உறை குடுத்தல்ல, இது கொசுறு."

மீதியை எண்ணிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள்.