மீசையும் மாஸ்க்கும்

மே 5
கத்திரி வெயில் தொடங்கிய கையோடு, தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபாப் (CPAP) மெஷினும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தூக்கப் பரிசோதனையில் எனக்கு மணிக்கு 38 முறை மூச்சு தடைபடுகிறதாம். 30-ஐத் தாண்டினாலே தீவிர வகை. 10 விநாடியாவது மூச்சு நின்றாலோ குறைந்தாலோதான் அதை ஒரு முறை என்று எண்ணுவார்கள். வேலூர் லாங்கு பஜார் கடையில் பட்டப்பகலில் கணக்கு நோட்டின் மேலேயே சாய்ந்துவிடுவதன் காரணம் இப்போதுதான் தெரிகிறது.

தெருவில் அதற்குள் செய்தி பரவி, “ஆக்சிஜன் வெச்சிருக்காங்களாமே” என்று இரண்டு பேர் விசாரித்துவிட்டுப் போனார்கள். இதில் ஆக்சிஜனே கிடையாது. அறையில் இருக்கும் காற்றைத்தான் அழுத்தி அனுப்புகிறது. தூக்கத்தில் தளர்ந்து விழும் தொண்டைச் சதை வழியை அடைக்காமல் அந்த அழுத்தம் தாங்கிக்கொள்கிறது.

மே 6
காலையில் மாஸ்க் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எப்போது கழற்றினேனோ!

மே 8
பிரச்சினை காற்றில் இல்லை, மீசையில். மூக்கை மூடும் மாஸ்க்கின் கீழ்விளிம்பு சரியாக மீசை மேல் உட்காருகிறது. முடி இடுக்கில் காற்று சீறுகிறது. பட்டையை இறுக்கினால் மேல்பக்கம் கிளம்பிக் கண்ணில் அடிக்கிறது. மூக்குத்தண்டில் சிவப்புத் தடம் வேறு. மெஷின் கொடுத்த பையன் போனில் சொன்னான்: “சார், உக்காந்துகிட்டு மாட்டாதீங்க. படுத்து, காத்து ஓடறப்போ சரிபண்ணுங்க. மூஞ்சில எண்ணெய் இருந்தா கழுவிடுங்க. மீசைய எடுத்துட்டா இன்னும் சுலபம்.”

கடைசி யோசனையைக் கேட்டதும் வீட்டுக்காரி, “மீசை இல்லாத மூஞ்சிய நான் பார்த்ததே இல்லைங்க” என்று பதறிவிட்டாள். அவளுக்குக் குறட்டையே தேவலை போலிருக்கிறது.

மே 10
நாசித் துளைகளில் மட்டும் பொருந்தும் சின்ன மாஸ்க் மாற்றிக் கொடுத்தார்கள். மீசையைத் தொடவே இல்லை! கசிவு நன்றாகக் குறைந்துவிட்டது. காலையில் மெஷின் திரை, மணிக்கு 4 முறைதான் மூச்சுத் தடை என்று காட்டியது. 5-க்குக் கீழே இருந்தால் நல்லது என்கிறார்கள். ஆனால் தூக்கத்தில் வாய் பிளந்துகொள்கிறது, எழுந்தால் நாக்கு வறண்டு கிடக்கிறது. தாடைப்பட்டை போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

நடுராத்திரி கரண்ட் வேறு போனது. மெஷினை இன்வெர்ட்டர் லைனில் மாற்றியாகிவிட்டது. பேட்டரி தாங்க வேண்டுமே என்று, அந்த நேரத்தில் தண்ணீரைச் சூடாக்கும் ஈரப்பதப் பெட்டியை மட்டும் நிறுத்திவிடப் போகிறேன். அதற்கு டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்ற வேண்டும். எங்கள் சத்துவாச்சாரி போர் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்துவிடும்.

மே 12
வைகாசி பிறந்ததும் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அக்கா வீட்டில்தான் தங்கல். மெஷினும் கூட வருகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று போனில் கேட்டேன். “சிரசு பாக்க வர்றவங்க படுக்க எடம் கேப்பாங்க, நீ கரண்ட்டு கேக்கறியேடா” என்கிறாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் பையில் போட்டுவிட்டேன்.