வெடிக்காத தோட்டாவையும் கொண்டு வாருங்கள்

அமெரிக்காவில் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்க்கிறேன். மான் வேட்டைப் பருவம் நெருங்கினால் ரைபிள் சரியாக வெடிப்பதில்லை என்ற புகார் வரத் தொடங்கிவிடும். வருகிறவர்கள் பெரும்பாலும் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்பவர்கள். துப்பாக்கியைப் பத்திரமாகக் கொண்டுவருவார்கள். வெடிக்காத தோட்டாவைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். எனக்கு முதலில் வேண்டியதே அதுதான்.

தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி இருக்கும், அதுதான் பிரைமர். அதில் துப்பாக்கியின் ஃபயரிங் பின் என்ற ஊசி அடித்த குழியைப் பார்ப்பேன். நடுவில் ஆழமாக விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் பிரைமரில் எண்ணெயோ ஈரமோ பட்டிருக்கலாம். குழி லேசாக இருந்தால், தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்ட்டைக் கழற்றிவிடுவேன். உள்ளே பழைய கிரீஸ் இறுகியிருந்தால் குளிரில் ஃபயரிங் பின்னின் வேகம் குறைந்துவிடும், ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கலாம்.

இரண்டாவது முறை அடித்ததும் வெடித்ததா என்றும் கேட்பேன். ஆமாம் என்றால், பிரைமர் தோட்டாவின் அடியில் அதற்கான பள்ளத்துக்குள் முழுதாக இறங்கவில்லை என்ற சந்தேகம் வலுக்கும். முதல் அடியின் விசை அதை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துபோகிறது.

சரி, போல்ட்டும் சுத்தம், பிரைமரும் ஒழுங்கு என்றால்? .30-06 போன்ற ரைபிள் தோட்டாக்களைக் குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் நிறுத்துவது, கழுத்துக்குக் கீழே சரிவாக இருக்கும் அவற்றின் தோள்பகுதிதான். சுட்ட கேஸை, அதாவது தோட்டாவின் வெற்றுக் கூட்டை, மறுபடி அளவுக்குக் கொண்டுவரும்போது அதை அழுத்தும் அச்சான டையை அதிகமாக இறக்கினால் தோள் பின்னுக்குப் போய்விடும். ஃபயரிங் பின் அடிக்கும்போது தோட்டா முன்னே நழுவி, அடி வலுவில்லாமல் விழும். போல்ட் ஆக்‌ஷன் ரைபிளுக்குத் தோளை 0.002 அங்குலம் பின்னுக்குத் தள்ளினாலே போதும், அதற்கு மேல் வேண்டாம். இதை நான் வெறும் வெடிக்காத கோளாறாக எடுத்துக்கொள்வதில்லை. அப்படிப்பட்ட கேஸ் ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் நீண்டு, அடிப்பக்கம் மெலிந்து, ஒருநாள் அறைக்குள்ளேயே இரண்டாகப் பிரியலாம்.

அப்புறம், வெடிக்கவில்லை என்றதும் போல்ட்டை இழுத்துத் திறக்கிற அவசரம். தாமதமாக வெடிக்கிற தோட்டாவும் உண்டு. குழலை இலக்குப் பக்கமே வைத்து 30 விநாடியாவது பொறுக்க வேண்டும். ‘டப்’ என்று மெலிதாகச் சத்தம் வந்தால் அடுத்த தோட்டாவைப் போடவே கூடாது. குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம்.

பலர் வரும்போதே, கடினமான ஸ்பிரிங் ஒன்றை மாட்டித் தரச் சொல்வார்கள். விற்றால் கடைக்கு லாபம்தான். ஆனால் தோள் பின்னுக்குப் போன தோட்டாவும் அந்த ஸ்பிரிங்கால் வெடித்துவிடும், குறை தெரியாமலே போகும். அதனால் சுட்ட கேஸ் ஒன்றையும் அளவு சரிசெய்த கேஸ் ஒன்றையும் கேட்டு வாங்கி, இரண்டையும் அளந்த பிறகுதான் ஸ்பிரிங் பேச்சையே எடுப்பேன்.