வஹாகாவில் அன்னாசி போட்ட பருப்பு சூப்

மெக்சிகோவின் வஹாகா நகருக்குப் போகிறவர்கள் எல்லோரும் மோலே (மிளகாய் அரைத்துச் செய்யும் கெட்டிக் குழம்பு), மோலே என்று அதன் பின்னாலேயே அலைகிறார்கள். அந்த ஊர் பருப்பு சூப்பை ஏன் யாரும் சொல்வதில்லை என்று தெரியவில்லை. பருப்பு, பன்றிக்கறி, அன்னாசி, நன்றாகப் பழுத்த வாழை, எல்லாம் ஒரே பானையில். ஒரு வாயிலேயே உறைப்பு, புளிப்பு, தித்திப்பு மூன்றும் வந்து போகும். அப்படி ஒரு ருசி!

இதைத் தேடி சோகலோ சதுக்கத்து உணவகங்களில் உட்கார்ந்தால் பர்ஸ்தான் காலியாகும். ஃபோண்டா எனப்படும் சிறு சாப்பாட்டுக் கடைகளுக்குப் போங்கள். மதியத்தில் 'கோமிதா கொரீதா' என்று சூப், சோறு, குழம்புக்கறி, பழத்தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரே விலை. சூப் தினமும் மாறும். பலகையில் 'லென்தேஹாஸ்', அதாவது மசூர் பருப்பு, என்று எழுதியிருந்தால் யோசிக்காமல் உட்காருங்கள். டாக்சிக்கு மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே பேசி முடியுங்கள். ஏறிய பிறகு பேசினால் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு அதிலேயே போய்விடும்.

சூப்புக்கு உயிர் சொரிசோ எனும் பன்றிக்கறி சாசேஜ்தான். பெனிட்டோ ஹுவாரெஸ் சந்தையில் எலுமிச்சை அளவு உருண்டைகளாக நூலில் கட்டி, செக்கச்செவேல் என்று சரம் சரமாகத் தொங்கும். மிளகாயும் வினிகரும் சேர்த்த பச்சை இறைச்சி அது. நம் ஊரில் இதற்கு நெருக்கமானது கோவா சொரிசோ. உப்பும் புளிப்பும் தூக்கல் என்பதால் 100 கிராம் போதும்.

நான்கு பேருக்கு 250 கிராம் தோலுடன் கூடிய முழு மசூர் பருப்பு, ஒன்றரை லிட்டர் தண்ணீர். உடைத்த சிவப்புப் பருப்பு வேண்டாம், கூழாகிவிடும். பாதி வெங்காயம், 3 பல் பூண்டு, 2 கிராம்பு, 3 சர்வசுகந்தி (ஆல்ஸ்பைஸ்) போட்டுத் திறந்த பானையில் அரை மணி நேரம் வேகட்டும். வஹாகா சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆகவே இன்னும் நேரம் எடுக்கும்.

அதற்குள் 100 கிராம் பன்றிக் கொழுப்புக்கறியை வாணலியில் உருக்கி, தோலுரித்த சொரிசோவை உதிர்த்துப் போட்டு, சிவப்பு எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். அவசரப்பட்டு முன்னாலேயே இறக்கினால் வினிகரின் பச்சை வாடை சூப்பைக் கெடுத்துவிடும். 3 தக்காளியைத் தோசைக்கல்லில் தோல் கருகச் சுட்டு அரைத்து இதில் ஊற்றி, கெட்டியாகும்வரை சுண்ட விடுங்கள்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான்: பருப்பு நசுங்கும் பதம் வருமுன்னே தக்காளியையும் அன்னாசியையும் கொட்டிவிடுகிறார்கள். புளிப்பு ஏறினால் பருப்பின் தோல் இளகாது, மணிக்கணக்கில் கொதித்தாலும் கடுக்கென்றுதான் இருக்கும். பருப்பு வெந்த பிறகே தக்காளிக் கலவையும் 150 கிராம் அன்னாசித் துண்டுகளும் போய்ச் சேர வேண்டும்.

பத்து நிமிடம் கழித்து வாழை. தோல் பாதிக்கு மேல் கறுத்த நேந்திரம்பழம் ஒன்று, விரல் கனத்தில் வெட்டியது. ரஸ்தாளியோ பூவனோ போட்டால் கரைந்து காணாமல் போகும். காயாகப் போட்டால் மாவு மாவாக இருக்கும். எட்டு நிமிடத்தில் துண்டின் ஓரம் கண்ணாடி மாதிரி ஆகும், அப்போதே இறக்குங்கள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், சொரிசோவிலேயே நிறைய இருக்கிறது.

மறுநாள் களி மாதிரி இறுகிவிடும். ஒரு டம்ளர் வெந்நீர் விட்டுச் சூடாக்கினால் முதல் நாளைவிட நன்றாக இருக்கும்.